உடைவது இங்கே, வரைவது எங்கே?

பொறியியற் பட்டம் பெற்று வெளியேறும் வாலிபனுக்கு உபதேசம் வழங்குவதே இன்று தனியொரு தொழிலாகிவிட்டது. இன்ன கணினி மென்பொருளைக் கற்றுக்கொள். இன்ன சான்றிதழைச் சேர்த்துக்கொள். நேர்முகப் பரீட்சையில் இவ்வாறு அமர்ந்து இவ்வாறு விடையளி. ஒரே இடத்தில் இரண்டாண்டுக்கு மேல் நில்லாதே. இயலுமான விரைவில் கடல் கடந்துவிடு. இவையே அவன் காதில் ஓதப்படும் மந்திரங்கள். இயந்திர வடிவமைப்பிலே முன்னேற விரும்பும் இளைஞன் எதனை வடிவமைக்கப் போகிறான், எவருக்காக வடிவமைக்கப் போகிறான், அவன் வடித்த இயந்திரம் முறிந்தால் அந்தச் செய்தி அவனுக்கு எட்டுமா என்னும் கேள்விகளை இந்த உபதேசிகள் எழுப்புவதில்லை. மனிதனை மெருகிட்டுச் சந்தையில் வைப்பது எப்படி என்பதே அவர்களுடைய சாஸ்திரம்.

அந்தச் சாஸ்திரம் பொய் என்பதே என் வாதம். வடிவமைப்பாளன் சான்றிதழால் உருவாவதில்லை. தான் வரைந்த பொருள் உடைந்து தன்னிடமே திரும்பி வரும்போதுதான் அவன் உருவாகத் தொடங்குகிறான். வரைபவனும் உடைவதைக் காண்பவனும் ஒருவரையொருவர் அறியாது வாழும் நாட்டில், எத்தனை ஆயிரம் பட்டதாரிகளை ஆண்டுதோறும் வெளியேற்றினாலும் வடிவமைப்பாளர் தோன்றப் போவதில்லை. இதனை மெய்ப்பிக்கத் தூரதேசம் செல்ல வேண்டியதில்லை. புத்தளம் மாவட்டத்தின் கடற்கரையை ஒருமுறை தெற்கிலிருந்து வடக்காகக் கடந்து பார்த்தாற் போதும்.

வென்னப்புவவில் தொடங்குவோம். இத்தாலிக்குச் சென்றவர்களின் ஊர் என்று பெயர் பெற்றுவிட்ட பட்டினம் அது. வீடுகளின் முகப்பிலேயே அந்நிய உழைப்பின் கதை எழுதப்பட்டிருக்கிறது. மாரவில, மாதம்பை, சிலாபம் எனத் தென்னந்தோப்புகளினூடே வடக்கு நோக்கிச் செல்லத் தும்பு ஆலைகளும் தேங்காய்த் துருவலை உலர்த்தும் ஆலைகளும் வருகின்றன. உடப்பிலும் முந்தலிலும் கரைவலை இழுக்கின்றார்கள். பாலாவியில் சீமெந்து ஆலை நிற்கிறது. அதற்கு வேண்டிய சுண்ணக்கல் வடக்கே அருவக்காலுவிலிருந்து புகையிரதத்தில் வருகிறது. புத்தளம் வாவியைச் சூழ உப்பளங்கள். அங்கிருந்து கற்பிட்டிக் குடாநாட்டிற் புகுந்தால் மாம்புரியில் 2010 முதல் சுழலத் தொடங்கிய காற்றாலைகள். நுரைச்சோலையில் வானத்தைக் கறுப்பாக்கும் லக்விஜய அனல்மின் நிலையம். கற்பிட்டியிலும் கண்டக்குழியிலும் யப்பானிய இஞ்சின் பூட்டிய கண்ணாடியிழைப் படகுகள். இலங்கையில் வேறெந்தக் கரையிலும் இத்தனை வகை இயந்திரங்கள் இவ்வளவு நெருக்கமாக நிற்பதாக நான் அறியேன்.

ஆனால் இந்த இயந்திரங்களுள் ஒன்றையேனும் வரைந்த மேசை இந்தக் கரையில் இல்லை. கொதிகலனும் சுழலியும் சீனத்திலே வரையப்பட்டவை. படகின் இஞ்சின் யப்பானிலே வரையப்பட்டது. காற்றாலையின் இறக்கையும் பல்சக்கரப் பெட்டியும் கப்பலேறி வந்தவை. சீமெந்து ஆலை அரசின் சொத்தாயிருந்து, 1990களில் தனியார் கைக்குப் போய், சுவிற்சர்லாந்து நிறுவனம் ஒன்றிடமிருந்து 2016இல் தாய்லாந்து நிறுவனம் ஒன்றின் கைக்கு மாறியது. ஆலை கைமாறிக்கொண்டே இருந்தது. அதன் சூளையை இங்கே எவரும் வரையவில்லை. நம்முடைய பொறியியலாளன் இவையனைத்துக்கும் காவற்காரன். ஓட்டுகிறான், நிறுத்துகிறான், பதிவேட்டில் ஒப்பமிடுகிறான், உதிரிப்பாகத்துக்குக் கடிதம் எழுதுகிறான்.

இந்தக் காவல் உத்தியோகத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1893இல் மருதானையில் தொழில்நுட்பப் பாடசாலையைத் திறந்த ஆங்கில அரசாங்கத்துக்கு வேண்டியிருந்தது பாலங்களையும் புகையிரதத்தையும் பராமரிப்பவர்களே. புகையிரத எஞ்சினை வரைபவர்கள் அல்ல. அதை வரைய அவர்களிடம் கிளாஸ்கோவும் மான்செஸ்டரும் இருந்தன. 1950இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பொறியியற் பீடம் எழுந்தது; 1960களில் கட்டுபெத்தையிலும் உயர்தொழில்நுட்பக் கல்வி வேரூன்றியது. ஒருவெலவில் சோவியத் உதவியோடு உருக்காலை எழுந்ததும் அந்தக் காலத்திற்றான். அரசாங்கத் தொழிற்சாலைகள் குறைகள் மலிந்தவை என்பதை எவரும் மறுக்கார். எனினும் அங்கே ஒரு பாகம் உடைந்தால், அதை அளந்து, வரைந்து, வார்த்து, கடைந்து பொருத்தியாக வேண்டிய நிர்ப்பந்தம் இருந்தது. அந்நியச் செலாவணி இல்லாமை என்னும் வறுமை, அந்தப் பட்டறைகளுக்கு ஒரு கல்லூரியாகவே அமைந்தது. 1977இன் பின் கதவு திறந்தது. உடைந்ததை அளக்க வேண்டிய தேவை மறைந்தது. பட்டறை உறங்கிற்று, முகவர் காரியாலயம் விழித்துக்கொண்டது.

இங்கே பண்டைய சமுதாயமும் தன் பங்கைச் செலுத்தியிருக்கிறது. இரும்பைத் தொடுபவனைச் சாதியாற் கட்டி ஒதுக்கி, ஏட்டைத் தொடுபவனை மேலேற்றிய சமுதாயம் நம்முடையது. கொல்லனின் அறிவு அறிவென்றே கணிக்கப்படவில்லை. வெள்ளைக்காரன் கொண்டுவந்த உத்தியோக முறை அந்தப் பிரிவினையைக் கலைக்கவில்லை. அதன்மேல் ஒரு கழுத்துப்பட்டியைக் கட்டிவிட்டது. "படித்த பிள்ளை நீ, கையிற் கிறீஸ் பூசிக்கொள்ளாதே" என்று கூறும் தாய்மார் இன்றும் இருக்கின்றனர். அவர்களைக் குறைகூறேன், கிறீஸ் பூசிய கைக்கு இந்நாடு எவ்வளவு கூலி கொடுக்கிறது என்பதை அவர்கள் அறிவார்கள்.

பிரிவினையின் விளைவை ஒரு சிறு உதாரணத்தாற் காட்டுகிறேன். தும்பு ஆலையொன்றின் சுழல்தண்டு முறிகிறது என்று வைத்துக்கொள்வோம். அது பெரும்பாலும் சக்கரத்தைப் பூட்டும் சாவிக்குழியின் மூலையிலோ, தண்டின் பருமன் சட்டென்று குறையும் தோளிலோதான் முறியும். ஆலைக்காரர் அதை வீதியோரக் கடைசற் பட்டறைக்கு எடுத்துச் செல்கிறார். பட்டறை பாஸ் பற்றவைத்து, கடைந்து, மாலைக்குள் கொடுத்து விடுகிறார். ஆலை ஓடுகிறது. சில வாரங்களில் அதே தண்டு, பற்றவைத்த இடத்துக்கு அருகே மீண்டும் முறிகிறது. மீண்டும் பற்றவைப்பு. முறிந்த முகத்தை உற்று நோக்கினால், அலை வாங்கிய ஈரமணலில் நீர் விட்டுச்சென்ற வரிகளைப்போல ஒன்றன்பின் ஒன்றாக வளைகோடுகள் தெரியும். ஒரேயடியில் வந்த முறிவல்ல அது; ஒவ்வொரு சுழற்சியிலும் மயிரிழை மயிரிழையாக வளர்ந்த வெடிப்பு. கூரிய மூலையில் விசை குவிகிறது; அங்கே வெடிப்பு பிறக்கிறது; பற்றவைப்பின் வெப்பம் அயலிலுள்ள உருக்கை இறுக்கி நொறுங்கத்தக்கதாக்குகிறது. மூலையைச் சிறிது வளைவாகக் கடைந்திருந்தால், தோளுக்கு ஓர் ஆரை கொடுத்திருந்தால், அந்தத் தண்டு பல மடங்கு காலம் ஓடியிருக்கும்.

இந்தக் காரணம் பொறியியல் மாணவனின் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அவன் அதைக் கணக்காகச் செய்து புள்ளியும் பெற்றிருக்கிறான். ஆனால் முறிந்த தண்டை அவன் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. பட்டறை பாஸோ நூறு தண்டுகளைக் கையில் எடுத்தவர். மூலை வளைவின் கணக்கை அவருக்கு எவரும் சொல்லிக் கொடுத்ததில்லை. இருவருக்கும் இடையே ஒரு மதில். அவர் தமிழிலும் சிங்களத்திலும் சிந்திக்கிறார்; இவன் ஆங்கிலத்திலே பரீட்சை எழுதுகிறான். அந்த மதிலை இடிக்காமல் 'வடிவமைப்பிலே முன்னேறுவது எப்படி' என்று பேசுவது வெறும் வாய்ப்பந்தல்.

உலகத்தில் இந்த அறிவு எங்கே பிறந்தது என்பதையும் மாணவ நண்பர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1842ஆம் ஆண்டு மே மாதம் பிரான்சில் வெர்சாய் நகரிலிருந்து பாரிஸ் திரும்பிய புகையிரதத்தின் எஞ்சின் அச்சு முறிந்து, பெட்டிகள் தீப்பற்றி, ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். உறுதியான இரும்பு, அதன் வலுவுக்கு மிகக் குறைந்த சுமையிலேயே ஏன் முறிந்தது? பிரஷ்யப் புகையிரதப் பகுதியிற் பணியாற்றிய ஓகஸ்ட் வோலர் என்பவர், அச்சுகளை ஆண்டுக்கணக்கில் சுழற்றி வளைத்துப் பரிசோதித்து, திரும்பத் திரும்ப வரும் சிறு சுமையே இரும்பைக் களைப்படையச் செய்கிறது என்பதை 1850களிலும் 60களிலும் நிறுவினார். இன்று உலகத்து மாணவரெல்லாம் படிக்கும் அந்தப் பாடம், முறிந்த அச்சுகள் வந்து குவிந்த புகையிரதப் பகுதியிலே பிறந்தது. முறிவு வராத அறையில் அது பிறந்திருக்க முடியாது.

நம் கற்பிட்டியிலே சுழலும் காற்றாலைகளின் கதை இன்னும் பொருத்தமானது. "சின்னஞ்சிறு நாடு, நாம் எங்கே இயந்திரம் வடிப்பது? வாங்கி ஓட்டினாற் போதாதா?" என்று கேட்கும் புத்திசாலிகளுக்காகவே இதைச் சொல்கிறேன். டென்மார்க்கின் சனத்தொகை நம்முடையதில் மூன்றிலொரு பங்குகூட இல்லை. 1978இல் ஹென்ரிக் ஸ்டீஸ்டால் என்னும் இருபத்தொரு வயது இளைஞன் கார்ல் எரிக் யோர்கென்சன் என்னும் கொல்லனோடு சேர்ந்து ஒரு காற்றாலையை வடித்தான். அவ்விளைஞன் அப்போது பொறியியற் பட்டதாரியல்லன். அடுத்த ஆண்டே அந்த வடிவமைப்பின் உரிமத்தை வெஸ்டாஸ் நிறுவனம் வாங்கிற்று. அந்த வெஸ்டாஸும் 1898இல் ஒரு கிராமத்துக் கொல்லுப்பட்டறையாகத் தொடங்கியதே.

இதில் நான் முக்கியமாகக் கருதுவது அந்த இளைஞனுடைய சாமர்த்தியத்தை அன்று. டேனியக் காற்றாலை உரிமையாளர்கள் சங்கமாகச் சேர்ந்து, எந்த ஆலை எவ்வளவு மின்சாரம் தந்தது, எந்த ஆலையில் எது பழுதானது என்பதையெல்லாம் தங்கள் சஞ்சிகையிலே மாதாமாதம் வெளியிட்டார்கள். பழுதை மறைக்க எந்த உற்பத்தியாளனாலும் முடியவில்லை. உடைந்த செய்தி வரைந்தவனிடம் திரும்பியது, அவன் திருத்தினான், மறுபடியும் உடைந்தது, மறுபடியும் திருத்தினான். அதே காலத்தில் மேற்கு ஜேர்மனி பெரும் பணம் செலவிட்டு, பெரும் பேராசிரியர்களைக் கொண்டு, 3 மெகாவாட் ஆற்றலுள்ள குரோவியன் என்னும் இராட்சதக் காற்றாலையை ஒரேயடியாக எழுப்பியது. 1983இல் எழுந்த அது, சில நூறு மணி நேரமே ஓடி, 1987இல் கைவிடப்பட்டது. கொல்லன் வென்றான், இராட்சதன் தோற்றான் என்று கதையாக்கிச் சிரிப்பதற்காக இதை நான் கூறவில்லை. முறிவின் அறிவு எந்தப் பாதையில் ஓடியது என்பதே விஷயம்.

இனி நுரைச்சோலைக்கு வருவோம். 300 மெகாவாட் வீதம் மூன்று அலகுகள், மொத்தம் 900. முதலலகு 2011இலும் ஏனைய இரண்டும் 2014இலும் வலையமைப்பில் இணைந்தன. கட்டியது சைனா மெஷினரி எஞ்சினியரிங் கோப்பரேஷன். கடன் கொடுத்தது சீன ஏற்றுமதி இறக்குமதி வங்கி. தீவின் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கை இந்த ஒரு நிலையம் தந்துவந்த ஆண்டுகள் உண்டு. ஆரம்ப ஆண்டுகளில் அது அடிக்கடி பழுதாகி நின்றதும், அதைப்பற்றிப் பத்திரிகைகள் கேலிச்சித்திரம் வரைந்ததும் வாசகர் மறந்திருக்க மாட்டார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு செய்த கோளாறினால் நாடு முழுவதும் இருளடைந்தபோது நுரைச்சோலையின் மூன்று அலகுகளும் நின்றுவிட்டன. அதனால் தொடர்ந்த நாட்களிலும் மின்வெட்டு. தேசம் முழுதும் குரங்கைப் பற்றிப் பேசிச் சிரித்தது. சிரிப்பு ஓய்ந்தபின் அந்த நிறுத்தத்திலிருந்து நம் இளம் பொறியியலாளர் எத்தனை பேர் எதைக் கற்றார்கள் என்று எவரும் கேட்கவில்லை.

சீனத்தைத் திட்டுவது இக்காலத்தில் மலிவான தேசபக்தி. நான் அதைச் செய்யப் போவதில்லை. சீனத்திடமிருந்து நாம் கற்கத் தவறிய பாடத்தைத்தான் சொல்லப் போகிறேன். 1980இல் சீனம் பெரிய அனல்மின் அலகுகளை வடிக்கும் ஆற்றலில் அமெரிக்காவுக்கு வெகுதூரம் பின்தங்கியிருந்தது. அது என்ன செய்தது? வெஸ்டிங்ஹவுஸ், கம்பஸ்சன் எஞ்சினியரிங் ஆகிய அமெரிக்க நிறுவனங்களிடமிருந்து 300 மெகாவாட், 600 மெகாவாட் அலகுகளின் வடிவமைப்பு உரிமத்தை வாங்கியது. இயந்திரத்தை மட்டுமன்றி வரைபடத்தையும் கணக்கையும் செய்முறையையும் வாங்கியது. வாங்கியதைத் தன் பொறியியலாளர் கையிற் கொடுத்து, தன் ஆலைகளிலே செய்யவைத்தது. மூன்று தசாப்தங்களுக்குப் பின் அதே 300 மெகாவாட் அளவில் அலகுகளைச் செய்து நமக்கு விற்றது. அவர்கள் வரைபடத்தை வாங்கினார்கள். நாம் புகைபோக்கியை வாங்கினோம். கடன் இருவருக்கும் உண்டு. ஆனால் அவர்களிடம் மிஞ்சியது ஒரு தலைமுறை வடிவமைப்பாளர். நம்மிடம் மிஞ்சியது தவணைப்பணம்.

நுரைச்சோலைக்கு நிலக்கரி கொண்டுவரும் கப்பல் கரையை அணுக முடியாது. ஆழ்கடலிலே நின்று வத்தைகளில் இறக்க வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கடல் இடம் தராது. அந்தக் காற்றே கரித்தூசைக் கிராமங்கள்மேல் வாரி இறைக்கிறது. தூசும் சாம்பலும் தங்கள் வீடுகளிலும் மரக்கறித் தோட்டங்களிலும் படிவதாகச் சுற்றுப்புற மக்கள் ஆண்டாண்டாக முறையிட்டு வந்துள்ளார்கள். உப்புக் காற்று பட்டியோட்டங்களின் உருளைகளையும் தாங்கிகளையும் அரிக்கிறது. இவை கற்பிட்டிக்கே உரிய பிரச்சினைகள். தூரதேசத்துக் காரியாலயத்தில் இருப்பவனுக்கு இந்தக் காற்றும் தெரியாது, இந்த உப்பும் தெரியாது. இங்கேயே பிறந்து, இந்தக் காற்றிலே வளர்ந்து, 1990இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு இந்தக் கரையில் அகதியாய் வந்திறங்கியோரின் பேரப்பிள்ளையாகவும் இருந்து, இயந்திரப் பொறியியல் படித்த ஒருவனுக்கு இவற்றைவிடச் சிறந்த ஆராய்ச்சிப் பொருள் எங்கே கிடைக்கும்? அவனோ கொழும்பில் குளிரூட்டி விற்கும் கம்பெனியில் விலைப்பட்டியல் எழுதுகிறான்; அல்லது கட்டாருக்கு விசாவை எதிர்பார்த்து நிற்கிறான். 2022இன் நெருக்கடிக்குப் பின் அந்த வரிசை மேலும் நீண்டது. போனவனை நான் ஏசமாட்டேன். வயிற்றுக்கு வழிகாட்டாத நாட்டுக்கு அவனை ஏசும் உரிமை இல்லை.

பெரிய இயந்திரங்களின் கதை இவ்வாறிருக்க, சிறிய இயந்திரங்களின் கதை இதைவிடத் துயரமானது. ஏனெனில் அங்கே கடன் கொடுக்கும் வங்கியின் குறுக்கீடும் இல்லை, நிபந்தனையும் இல்லை; நம்முடைய அசட்டைதான் இருக்கிறது. தேங்காய்த் துருவல் ஆலையிலே சிரட்டையைக் கைக்கோடரியால் கொத்தி நீக்குகிறார்கள். பருப்பின் கபிலத் தோலை வரிசையாக அமர்ந்த பெண்கள் கத்தியாற் சீவுகிறார்கள். நாள் முழுவதும் அதே மணிக்கட்டு, அதே அசைவு, சீவிய தொகைக்கு ஏற்பவே கூலி. உப்பளத்திலோ கொதிக்கும் வெயிலில், வெறுங்காலோடு உவர்நீரில் நின்று பாத்தி பாத்தியாக வாரிக் கரையேற்றுகிறார்கள். 2025இல் மழை உப்பு விளைச்சலைக் கெடுத்ததனால், நாற்புறமும் கடல் சூழ்ந்த இத்தீவு உப்பை இறக்குமதி செய்தது. விளைச்சலுக்கு வெயில் கிடைக்கும் சில நாட்களுக்குள் வாரி முடிக்கவேண்டிய அவசரத்தைச் சமாளிக்க, சிறிய பாத்திக்கு ஏற்ற, அரிப்பைத் தாங்கும், ஊர்ப் பட்டறையிலே திருத்தத்தக்க ஒரு வாரியை வடிப்பது சந்திரனுக்கு ஏவுகணை விடும் காரியமா? ஏக்கலையில் 1974இல் நிறுவப்பட்ட தேசிய பொறியியல் ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. பல்கலைக்கழகங்களில் இறுதியாண்டு மாணவர் ஆண்டுதோறும் செய்யும் செயற்திட்டங்களும் இருக்கின்றன. கண்காட்சியில் ஒரு நாள் ஓடி, மறுநாள் தார்ப்பாய் போர்த்தப்படும் இயந்திரங்கள் அவை. ஒரு பருவம் முழுவதும் உப்பளத்திலே கிடந்து துருப்பிடித்து உடைந்து திரும்பி வரும் பாக்கியம் அவற்றுக்குக் கிட்டுவதில்லை.

படித்தவன் வராத இடத்தில் இயந்திரம் வராமல் இருந்துவிடுமா? வரும். கரைவலையைப் பாருங்கள். ஒருகாலத்தில் இரு கரையிலும் வரிசையாக நின்று, அம்பா பாடி, உடலின் பாரத்தைக் கயிற்றிற் சாய்த்து மடியைக் கரைசேர்த்தார்கள். உடப்பின் அம்பாப் பாடல்கள் பெயர் பெற்றவை. பின்னர் உழவு இயந்திரத்தின் பின்புறத்திலே வின்ச் பூட்டி வலையை இழுக்கும் வழக்கம் இலங்கையின் பல கரைகளிலும் பரவியது. அரசு தடுப்பதும், சம்மாட்டிமார் எதிர்ப்பதுமாகத் தகராறு தொடர்ந்து வந்திருக்கிறது. பல்கலைக்கழகத்தின் துணையில்லாமல் பட்டறைகளே பொருத்திக் கொடுத்த இயந்திரம் அது. அந்தக் கைத்திறனுக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் அதை வேண்டியவன் யார்? கூலியாட்களின் தொகையைக் குறைக்க விரும்பிய முதலாளி. ஆகவே அது முதலாளியின் கணக்குப்படியே அமைந்தது. கயிறு மிகையாக இறுகினால் தானே நழுவிவிடும் ஏற்பாடு வேண்டுமே, கைவிரல் உருளையில் அகப்படாதிருக்க மறைப்பு வேண்டுமே, இழுப்போரின் பங்கை அழிக்காது அவர்களின் முதுகுப் பாரத்தை மட்டும் குறைக்கும் வேறு வடிவம், மனிதரே சுற்றித் தள்ளும் உருளை போன்றது, இயலுமா என்று பார்க்க வேண்டுமே என்பவற்றைக் கேட்க அங்கே ஒருவனும் இல்லை. இயந்திரம் ஒருபோதும் நடுநிலையாக வருவதில்லை. அதை வரைந்தவன் யாருடைய பக்கத்தில் அமர்ந்து வரைந்தானோ, அந்தப் பக்கத்தின் முகச்சாயலோடுதான் அது வருகிறது.

நம் நாட்டு வடிவமைப்பாளர்களில் தலையாயவரான ரே விஜேவர்தனவின் வாழ்க்கை இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. கேம்பிரிட்ஜில் பொறியியல் கற்று, 1950களில் லாண்ட்மாஸ்டர் என்னும் இருசக்கர உழவு இயந்திரத்தை உருவாக்குவதில் முன்னின்றவர் அவர். அது உலகச் சந்தைக்குச் சென்ற இயந்திரம். ஆனால் பின்னாளில், தாம் எருமையை இயந்திரமாக்கினோமேயன்றி விவசாயியை வாழவைக்கவில்லை என்னும் முடிவுக்கு வந்து, 2010இல் மறையும்வரை மண்ணைக் காக்கும் விவசாய முறைகளுக்காக வாதாடினார். வர்க்கத்தால் அவர் நம்மவரல்லர். அது வேறு விஷயம். தன் இயந்திரம் வயலிலே என்ன செய்தது என்று திரும்பிச் சென்று பார்த்தார் அல்லவா? அதைத்தான் இளம் பொறியியலாளன் அவரிடம் கற்க வேண்டும்.

எதிர்ப்பக்கத்திலிருந்தன்றி நம் பக்கத்திலிருந்தே ஒரு குரல் எழும் என்பதை அறிவேன். "சமுதாய அமைப்பு மாறாமல் தனியொரு பொறியியலாளன் பட்டறைக்குப் போய் என்ன ஆகப்போகிறது? இது சீர்திருத்தவாதம்" என்று சில தோழர்கள் கூறுவர். அவர்களைக் கேட்கிறேன்: அமைப்பு மாறிய மறுநாட் காலையில் நுரைச்சோலையின் கொதிகலனில் குழாய் வெடித்தால் அதை வரையத் தெரிந்தவன் எங்கிருந்து வருவான்? அதிகாரத்தைப் பேரணியாற் பெறலாம். தாங்கியின் அளவை ஆயிரத்திலொரு பங்கு மில்லிமீற்றரில் கணிக்கும் கையைப் பேரணியாற் பெறமுடியாது. அது பத்தாண்டுப் பயிர்.

கோயம்புத்தூர் அதற்கொரு சாட்சி. அங்கே பஞ்சாலைகளின் உடைந்த பாகங்களை வார்த்துக் கடைந்த பட்டறைகளிலிருந்தே பம்புகளும் மோட்டார்களும் பிறந்தன, 1926இலேயே பி. எஸ். ஜி. தொழிற்பயிலகம் கல்வியையும் வார்ப்பாலையையும் ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவந்தது, 1937இல் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் மின்மோட்டாரைச் செய்து காட்டினர். அந்த ஆலை முதலாளிகளின் புகழ்பாட நான் முன்வரவில்லை. அங்கே தொழிலாளர் சிந்திய இரத்தத்தையும் அறிவேன். உடைந்ததைத் திருத்துவதிலிருந்து புதியதை வடிப்பதற்குச் செல்லும் பாதை நம் மொழி பேசும் மண்ணிலேயே போடப்பட்டது என்பதற்காகவே சொன்னேன்.

ஆகவே, இயந்திர வடிவமைப்பில் முதல் ஐந்தாண்டை எப்படிச் செலவிடுவது என்று என்னை ஒரு மாணவன் கேட்பானாயின், கணினி மென்பொருளைக் கற்காதே என்று கூறமாட்டேன்; கற்றுக்கொள், அது இக்காலத்துப் பென்சில். ஆனால் பென்சிலைப் பிடிக்கத் தெரிந்ததற்காகத் தன்னை ஓவியனென்று எண்ணிக்கொள்பவன் பேதை. கடைசற் பட்டறையில் ஆறு மாதம் நில். முறிந்து வரும் ஒவ்வொரு பாகத்தையும் அளந்து, முறிந்த முகத்தை வரைந்து, எத்தனை நாள் ஓடியது, எந்தச் சுமையில் ஓடியது, யார் ஓட்டினார் என்று ஒரு கொப்பியில் எழுது. பாஸ் சொல்வதைக் கேள். உன் கணக்கை அவருக்கு அவருடைய மொழியிலே சொல். அவர் சிரித்தால் ஏன் சிரித்தார் என்று யோசி. ஒரு பாகத்தையாவது நீயே அளவுவிலகலோடு வரைந்து, செய்வித்து, பொருத்து. பொருத்திவிட்டுப் போய்விடாதே, மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்து பார். பெரிய நிலையத்தில் வேலை கிடைத்தால், கட்டுப்பாட்டு அறையின் நாற்காலியை உன் நிரந்தர இருப்பிடமாக்கிக்கொள்ளாதே. பழுதடைந்த பாகம் பழைய இரும்புக்குப் போகுமுன் அதைப் பார்க்கும் உரிமையைக் கேள்.

கேட்டால் கொடுப்பார்களா? தனியாகக் கேட்டால் கொடுக்கமாட்டார்கள். உத்தரவாதம் போய்விடும், இரகசியம், ஒப்பந்தத்தில் இடமில்லை என்பார்கள். அதனால் இதைத் தனிமனிதனின் முன்னேற்றமாக மாத்திரம் பார்ப்பது மடமை. பொதுமக்களின் பணத்தில் வாங்கப்படும் ஒவ்வோர் இயந்திரத்தோடும் அதன் உதிரிப்பாக வரைபடங்கள் ஒப்படைக்கப்பட வேண்டும் என்றும், ஒவ்வொரு பெரும்பழுதின் ஆராய்ச்சி அறிக்கையும் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பப்பட வேண்டும் என்றும் கோருவது பொறியியலாளர் சங்கங்களின் கடமை. சம்பள உயர்வுக்காகவும் வாகன அனுமதிக்காகவும் போராடத் தெரிந்த சங்கங்களுக்கு இதற்காகப் போராடத் தெரியாதா? தொழிலாளர் சங்கங்கள் ஒருபடி முன்னே சென்று, உப்பளத்துக்கோ ஆலைக்கோ வரும் புதிய இயந்திரத்தின் வரைபடம் அதனருகே வேலை செய்யப்போகும் பெண்களுக்கு முதலிலே விளக்கிக் காட்டப்படவேண்டும் என்று கேட்கலாம்.

ஆசிரிய நண்பர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. புத்தளம் மாவட்டம் பல்கலைக்கழக அனுமதியிலே பின்தங்கிய மாவட்டமாகக் கணிக்கப்பட்டு வந்திருக்கிறது. கணிதப்பிரிவில் தேறும் பிள்ளைகளின் தொகையை உயர்த்தப் பாடுபடுகிறீர்கள், நல்லது. அந்தப் பிள்ளைகளை வருடத்தில் ஒரு நாளேனும் பாலாவி உப்பளத்துக்கும் வீதியோரக் கடைசற் பட்டறைக்கும் அழைத்துச் செல்லுங்கள். நெம்புகோலையும் கப்பியையும் அங்கே கற்பியுங்கள். பொறியியல் மாணவரின் தொழிற்பயிற்சிக் காலத்தை ஒழுங்குசெய்யும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை, பெரிய கம்பெனிகளின் வாயிலோடு நின்றுவிடாது, இத்தகைய பட்டறைகளையும் பயிற்சித் தலங்களாக ஏற்கும்படி எழுதுங்கள். பட்டறை பாஸுக்கு அதற்கான ஊதியமும் பயிற்றுநர் என்னும் தகுதியும் கொடுக்கும்படி கேளுங்கள். அடுத்த வெயில் காலத்தில் புத்தளத்தில் உப்பு வாரத் தொடங்குமுன் இரண்டு மாணவரும் ஒரு பாஸும் உப்பளத்துப் பெண்கள் நால்வரும் ஒரே வாங்கில் அமர்ந்து ஒரு வாரியை வரையத் தொடங்குவதற்கு எந்த வெளிநாட்டு வங்கியின் அனுமதியும் தேவையில்லை. முதற் பருவத்தில் அது உடையும். உடைந்ததை எங்கே கொண்டுவர வேண்டும் என்பது இம்முறை தெரிந்திருக்கும்.